புகைக்கு ஒரு சாம்பிள்

போன மாதம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் இன்று நீடித்த வளர்ச்சித் துறையின் தலைவர். எங்கள் காலத்தில் அப்படி ஒரு துறை கிடையாது. வளர்ச்சி மட்டும் இருந்தது. அது நீடிக்குமா என்று கேட்கிறவரை வேலைக்கு எடுப்பதில்லை.

மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஒரு புகைபோக்கி, அதன் உச்சியில் ஒரு பச்சை இலை. நிலக்கரி எரியும் ஆலையின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து விற்பது பற்றித் திருப்பூர் வட்டாரத்திலேயே முதன்முதலாக யோசிப்பது தங்கள் கம்பெனிதான் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது.

“ரெண்டாவதா” என்று திருத்தினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் முறையில் அவரும் இருந்தார்.

“அதத்தான் எழுதித் தாங்கன்னு கேக்க வந்தேன் சார். நம்ம இன்ஜினியர் சங்க மலர்ல போடலாம். புதுசா வந்திருக்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.”

“எழுதினா உங்க பேரும் வருமே.”

“வரட்டும் சார். நான் இப்போ வைஸ் பிரசிடென்ட். யாரும் நம்ப மாட்டாவ.”

ஆகவே எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெக்கானிக்கல் படித்தேன். கோவையில் ஒரு நூற்பாலையின் பாய்லர் அறையில் சில வருடங்கள் வியர்த்தேன். பிறகு பாய்லர் இன்ஜினியர் சான்றிதழுக்கான வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். “கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை. என்ன செய்வாய்?” தீயை நிறுத்துவேன், தண்ணீர் விடமாட்டேன் என்றேன். “பிறகு?” என்றார். பிறகு ஓடுவேன் என்றேன். தேர்ச்சி என்று எழுதிவிட்டார். அந்தப் பதிலின் முதல் பாதியை முப்பது வருடம் கடைப்பிடித்தேன். இரண்டாம் பாதியைக் கடைப்பிடிக்க வேண்டிய நாள் வந்தபோது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளில் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியின் சாயப்பட்டறையில் பாய்லர் பொறுப்பை ஏற்றேன். முதலாளியை எல்லோரும் எம்.டி. என்றுதான் சொல்வோம். தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம். பத்துத் தையல் மெஷினில் தொடங்கி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வந்தவர். அவரைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, அவருடைய மரியாதை. நல்ல மனநிலையில் இருந்தால் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போடுவார். கோபம் ஏற ஏற அதன் எண்ணிக்கை கூடும். குரல் மட்டும் உயராது. “ஏனுங்க, நேத்துங்க, ஸ்டீமுங்க, ஏனுங்க வரலீங்க” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது, அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். எதைக் கொடுத்தாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. துணியைத் தேய்த்து அதன் எடையைக் கிராம் கணக்கில் சொல்வார். தராசில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அதில் வந்த தைரியத்தில் மற்ற எல்லாவற்றையும் தேய்ப்பார். நிலக்கரியைத் தேய்த்து, “இது சரியில்லீங்க” என்பார். கல்யாணப் பத்திரிகையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போவதா மொய் அனுப்புவதா என்று முடிவு செய்வார். திட்ட அறிக்கை வந்தாலும் காகிதத்தைத்தான் முதலில் தேய்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்புறம்.

அவருடைய வேதம், சாம்பிள். திருப்பூரில் எந்த வேலையும் சாம்பிளில்தான் தொடங்கும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஒரு பனியனைத் தைத்து அனுப்புவார்கள். அவர் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அதற்குப் பிறகு தைக்கப்படும் லட்சம் பனியன்களும் அந்த ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சரக்கு திரும்பி வரும், கம்பெனி படுத்துவிடும். கையெழுத்தான சாம்பிள்களை வருடக்கணக்கில் பத்திரப்படுத்த எங்கள் கம்பெனியில் தனி அறையே உண்டு. எம்.டி. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் மின்வெட்டு வந்தது. தினமும் இத்தனை மணி நேரம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேலும் வெட்டினார்கள். ஜெனரேட்டர் டீசல் குடித்தே முதலாளிகளைத் தூங்கவிடாமல் செய்தது. பதினெட்டு முதலாளிகள் ஒட்டுக்காகச் சேர்ந்து, சொந்தமாக அறுபது மெகாவாட்டில் ஒரு நிலக்கரி மின்நிலையம் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பொங்கலூர்ப் பக்கம் மேட்டாங்காட்டில் நிலம் பார்த்தார்கள். எங்கள் எம்.டி.தான் தலைவர். பாய்லர் தெரிந்த ஆள் என்பதால் தொழில்நுட்பப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நிலக்கரி ஆலை என்றால் அனுமதி லேசில் கிடைக்காது. அதற்குச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவருடைய கழுத்துப்பட்டை எங்கள் துணியைவிட நல்ல துணி, எம்.டி. அதையும் தேய்த்துப் பார்த்தார். ஆலோசகர் சொன்னது இதுதான். நிலக்கரியை எரித்தால் வரும் கரியமில வாயுவைத்தான் உலகமே குறை சொல்கிறது. அதைப் பிடித்து, அழுத்தி, காவிரி டெல்டாவில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு விற்றுவிடலாம். பழைய கிணற்றில் பாறையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும் எண்ணெயோடு இந்த வாயு கலந்து, அதை இளக்கி மேலே கொண்டுவரும். புகை காசாகும், பூமிக்கும் நல்லது, அனுமதியும் உடனே வரும்.

எம்.டி. கண்ணை மூடி யோசித்தார். “சாயம் ஏத்தின துணில ஒட்டிட்டிருக்கற மிச்சச் சாயத்த சோப்புப் போட்டு எடுக்கறமில்லீங்க, அந்த மாதிரிங்களா?”

“அதேதான் சார்” என்றார் ஆலோசகர். சாயப்பட்டறையை அவர் பார்த்ததே கிடையாது. ஆனால் உவமை உண்மையில் சரிதான். எம்.டி. முட்டாள் இல்லை. அவர் முட்டாளாக இருந்திருந்தால் இந்தக் கதை அடுத்த பத்தியிலேயே முடிந்திருக்கும்.

நான் ஒரு பக்கத்தில் கணக்கு எழுதிக் கொண்டுபோனேன். புகையில் கரியமில வாயு எட்டில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் நைட்ரஜன். பிரித்தெடுக்க ஆவி வேண்டும், அந்த ஆவியை நம் பாய்லரே கொடுக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பயந்து கட்டுகிற நிலையம் தன் புகையைத் தானே பிடிக்கத் தன் மின்சாரத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். பிடித்ததை டெல்டாவுக்குக் கொண்டுபோக நாளொன்றுக்கு எண்பது டேங்கர் லாரியாவது ஓட வேண்டும். அந்த லாரிகள் குடிக்கும் டீசலும் எண்ணெய்தான். கடைசியாக, அந்தக் கிணற்றுக்காரர்களுக்கு இந்த வாயு வேண்டுமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

எம்.டி. காகிதத்தைத் தேய்த்தார்.

“தூத்துக்குடிக்குத் தினம் நம்ம கன்டெய்னர் போகுதுங்க. டெல்டாப் பக்கம் டேங்கர் போகாதுங்களா?”

“போகுங்க. எண்பது போகணுங்க.”

“பையர் வேணாமுன்னு சொன்னாருங்களா?”

“யாரும் கேக்கலீங்க.”

“கேட்டா என்னத்தச் சொல்லுவாருங்க? கண்ணுல பாக்காம யாரு சொல்லுவாங்க? சாம்பிள் அனுப்பிச்சுருங்க.”

இருபது வருடம் ஐரோப்பாவுக்குப் பனியன் விற்ற மனிதருக்கு இதைவிடத் தெளிவான அடுத்த வேலை எது இருக்க முடியும்? ஆலோசகரும் தலையாட்டினார். எண்ணெய் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்வோம் என்கிற மாதிரி ஒரு கடிதம் மட்டும் கோப்பில் இருந்தால், சுற்றுச்சூழல் அனுமதி கைக்கு வந்த மாதிரி என்றார்.

அந்த வாரமே மண் பரிசோதனைக்காகப் பொங்கலூர் நிலத்துக்குப் போனேன். தாகத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்டேன். தோட்டக்காரர் பெயர் செல்லமுத்து. ஐம்பது வயது இருக்கும். நாலு ஏக்கர் தென்னை, ஒரு கிணறு. சொம்பில் கொடுத்த தண்ணீர் இனித்தது. நொய்யல் ஆற்றுப் பக்கத்துப் போர்வெல்களில் தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்பதை வைத்து அந்த வாரம் எந்தச் சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற ஊர் எங்களுடையது. எனக்கு நிஜத் தண்ணீரின் ருசி மறந்து போயிருந்தது.

“சுத்துவட்டாரத்துல பாதிப்பேரு குடிக்கறது இதுலதானுங்க” என்றார். “ஏனுங்க, கரி எரிச்ச சாம்பல எங்கீங்க கொட்டுவீங்க?”

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் கொண்டுபோய் ஒரு குளத்தில் தேக்குவது அப்போதைய முறை. வரைபடத்தில் அந்தக் குளம் இருந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்டினேன். அவர் கிணற்றுக்கு நேர் மேலே, சரிவில். செல்லமுத்து அந்த இடத்துக்கு ஏறிப் போனார். அங்கிருந்து கிணறு வரைக்கும் நடந்து எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

“கசியாதுங்களா?”

“அடியில களிமண் போட்டு இறுக்குவாங்க” என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சாம்பல் குளம் கசியாது என்று சொல்கிறவர் யாரும் அதற்குக் கீழே கிணறு வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

புறப்படும்போது எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். பத்து வருடம் முன்பு அவரும் பன்னிரண்டு மெஷின் போட்டு எங்கள் எம்.டி.க்கு ஜாப் வொர்க் தைத்துக் கொடுத்தவராம். ஒரு தடவை சரக்கின் நிறம் சாம்பிளைவிட அரை ஷேட் வெளுத்துப் போய்விட்டது. எம்.டி. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். மெஷின்களை விற்றுவிட்டு, மிச்சமிருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

“வருத்தம் இல்லீங்களா?” என்றேன்.

“அவுரு மேல தப்பில்லீங்க. சாம்பிள் ஒன்னு, சரக்கு ஒன்னு. இதே மாதிரி தர்றேன்னு சாம்பிள்ல கையெழுத்துப் போட்டவன் நானுங்க.”

வரும் வழியில் கணக்கு எளிதாகவே இருந்தது. சாம்பிள் போனால் கடிதம் வரும். கடிதம் வந்தால் அனுமதி வரும். அனுமதி வந்தால் சாம்பல் குளம் வரும். அதற்குப் பிறகு அந்தச் சொம்பில் என்ன வரும் என்பதும் தெரியும்.

ஆனாலும் சாம்பிள் செய்தேன். சம்பளம் வாங்கினேன் அல்லவா. ஓட்டையாகிக் கிடந்த பழைய சாயமேற்றும் உருளை ஒன்றை நிமிர்த்தி, நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன்களால் உள்ளே நிரப்பினேன். பாய்லர் புகை கீழிருந்து ஏற, அமைன் கரைசல் மேலிருந்து இறங்கும். கோன்களில் பட்டு இரண்டும் சந்திக்கும் இடத்தில் கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு டிரம்மில் ஆவியால் சூடாக்கினால் பிடித்ததைக் கக்கிவிடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் உருளையில் புகையோடு வந்த சாம்பல் கரைசலில் கலந்து நுரைத்துப் பொங்கி, இடுப்பளவுக்கு வெளியே வழிந்தது. பக்கத்தில் துணி காய வைத்திருந்தவர்கள் என் குடும்பத்தை விசாரித்தார்கள்.

கிடைத்த வாயுவைச் சோதிக்க ஆர்சாட் கருவியை எடுத்தேன். மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் உள்ள பழைய கருவி. அவசரக்காரனுக்கு அது பொய் சொல்லும். முதலில் குழாயில் நிற்கும் காற்றை இரண்டு முறை வெளியே தள்ள வேண்டும். பிறகு நூறு அளவு வாயுவை இழுத்து, தண்ணீர் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து நிறுத்த வேண்டும். காஸ்டிக் பொட்டாஷ் குடுவைக்குள் மெதுவாகத் தள்ளி, மெதுவாக மீட்க வேண்டும். மூன்று தடவை, நாலு தடவை, அளவு மாறாமல் நிற்கும்வரை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் கரியமில வாயு. எனக்கு ஐம்பதுகூடக் குறையவில்லை. உருளை இணைப்புகளில் காற்று புகுந்திருந்தது. வாயுவில் கந்தகமும் இருந்தது. தீக்குச்சி எரிந்த வாடை தொண்டையைப் பிடித்தது. அளந்ததை அளந்தபடியே சான்றிதழில் எழுதி, சிலிண்டரோடு ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். பையர்களோடு கடிதப் போக்குவரத்து பார்க்கும் மெர்ச்சண்டைசர் அவர்தான். வாயுவுக்கும் அவரைத்தான் எம்.டி. போட்டிருந்தார்.

மூன்று வாரத்தில் எண்ணெய் நிறுவனத்தின் வட்டார அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எம்.டி. அதைத் தேய்த்து முடித்து, முகம் மலர என்னிடம் கொடுத்தார். தாங்கள் அனுப்பிய வாயு மிக உயர்ந்த தரத்தில் உள்ளது, கந்தகத்தின் சுவடுகூட இல்லை என்று முதல் இரண்டு வரிகள். எங்கள் கிணறுகளில் இந்த முறையைச் செயல்படுத்தும் திட்டம் எதுவும் தற்போது இல்லை, சிலிண்டரைத் திருப்பி எடுத்துச் செல்லவும் என்று அடுத்த இரண்டு வரிகள்.

“வேண்டாமுன்னு எழுதியிருக்காங்க” என்றேன்.

“இல்லீங்க. அப்ரூவ்டு வித் கமென்ட்ஸுங்க.”

எங்கள் தொழிலில் அது ஒரு முத்திரை. சாம்பிள் சரி, சின்னச் சின்னக் குறைகள் உண்டு, திருத்திக்கொண்டு வேலையைத் தொடங்கலாம் என்று பொருள். பட்டனை மாற்று, காலரைக் குறை என்று பையர் எழுதும் குறிப்புகளின் வரிசையில், ‘திட்டம் எதுவும் இல்லை’ என்பதையும் எம்.டி. சேர்த்துக்கொண்டார்.

என்னை உறுத்தியது வேறு. நான் எரித்த கரியில் கந்தகம் இல்லாமல் இருந்ததே இல்லை. ஜெசிந்தாவைத் தேடிப் போனேன்.

“நம்ம சிலிண்டரையா அனுப்பினீங்க?”

“அதைப் போய் அனுப்புவாங்களா சார்? திறந்து பாத்தேன், தீக்குச்சி எரிஞ்ச மாதிரி வாடை. கம்பெனி மானம் போயிரும்லா. சோடா கம்பெனிக்கு கேஸ் சப்ளை பண்ணுத ஆள்கிட்ட ஒரு சிலிண்டர் வாங்கி, நம்ம ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டேன்.”

“ஜெசிந்தா, அது பொய்யில்லையா?”

“என்ன சார் இப்படிச் சொல்லுதீங்க. சாம்பிள் என்னைக்கு சார் புரொடக்ஷன்ல தச்சிருக்கோம்? நல்ல டெய்லரை வச்சு சாம்பிள் ரூம்ல தச்சுதானே அனுப்புதோம். ஆர்டர் வந்தப்புறம் நீங்க அதே மாதிரி பண்ணிருங்க.”

தப்பு செய்த முகமே இல்லை. தன் வேலையை நன்றாகச் செய்தவரின் முகம். சிலிண்டர் கழுத்தில் கட்டிய அட்டையின் நகலையும் எடுத்துக் காட்டினார். நிறம்: இல்லை. அளவு: ஃப்ரீ சைஸ். கலவை: நூறு சதம் கரியமில வாயு. துவைக்கும் முறை என்ற இடத்தை மட்டும் யோசித்துவிட்டுக் காலியாக விட்டிருந்தார்.

எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

“அந்தப் புள்ளை செஞ்சது பழக்க தோசமுங்க. ஆனாங்க, புதன்கிழமைங்க, கருத்துக் கேட்புக் கூட்டமுங்க. சாம்பிள் விஷயமா டெக்னிக்கல் ஆளு ஒரு கையெழுத்துப் போட்ட காகிதமுங்க கோப்புல வேணுமுங்க.”

ஆறு ‘ங்க’. எண்ணினேன். என் கையெழுத்துக்குக் கீழே பாய்லர் சான்றிதழ் எண்ணும் வரும். பொய் எழுதினால் அந்தச் சான்றிதழ் போகும். எழுத மறுத்தால் வேலை போகும். எழுதினால் செல்லமுத்துவின் கிணறு போகும். அன்று மாலை உட்கார்ந்து நான் தயாரித்த வாக்கியத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். “எண்ணெய் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட சிலிண்டரில் இருந்தது கரியமில வாயுவே என்பதையும், எமது ஆலையில் புகையிலிருந்து அவ்வாயுவைப் பிரிக்கும் சோதனை நடத்தப்பட்டுள்ளது என்பதையும் உறுதி செய்கிறேன்.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. என் சான்றிதழ் தப்பியது, வேலை தப்பியது. கிணறு தப்பாது. மூன்றில் இரண்டு மோசமில்லை என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முறைப்படி முப்பது நாள் முன்பே செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. திட்டச் சுருக்கம் தமிழில் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்கப்பட்டது. அந்தத் தமிழைப் படித்து முடித்தவர் எவரும் இருந்ததாகத் தகவல் இல்லை. மேடையில் மணமக்கள் நாற்காலிகளில் மாவட்ட அதிகாரியும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியும் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் எம்.டி., அவர் பக்கத்தில் நான். வீடியோக்காரர் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் எல்லோரையும் பந்தியிலும் ஒருமுறை எடுத்தார். போண்டா நன்றாக இருந்தது.

ஆலோசகர் பேசினார். பிறகு மாவட்ட அதிகாரி கோப்பைப் புரட்டி, “சாம்பிள் உங்க ஆலையில எடுத்ததுதானே?” என்று என்னைப் பார்த்தார்.

“காகிதத்துல தெளிவா இருக்குதுங்க சார்” என்றேன்.

அவர் என் வாக்கியத்தைப் படித்தார். தலையை ஆட்டினார். பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே சிறந்த வாக்கியம் அதுதான். அதற்கு நாலு விநாடி கூட வேலை இருக்கவில்லை.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் சிலர் எழுந்து கத்தினார்கள். சிலர் வேலைவாய்ப்பு கேட்டார்கள். எல்லாம் பதிவானது. பிறகு செல்லமுத்து எழுந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து மேடை விளிம்பில் வைத்தார். இரண்டிலும் தண்ணீர். மூடியைச் சுற்றித் துணி கட்டி, அரக்கு வைத்து, கழுத்தில் நூலால் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். பழைய ஜாப் வொர்க் காலத்து அட்டை. பெயர், தேதி, ஒப்புதல் அளித்தவர் கையெழுத்து என்று கட்டங்கள்.

“இது என்ற கெணத்துத் தண்ணிங்க” என்றார் அதிகாரியிடம். “சாம்பிளுங்க. நான் திட்டத்த எதுக்கலீங்க. எம்.டி. ஐயா இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதுமுங்க. ஒன்னு உங்ககிட்ட இருக்கட்டும், ஒன்னு என்றகிட்ட இருக்கட்டும். ஆலை ஓட ஆரம்பிச்சு மூணு வருசங் கழிச்சு எறச்சுப் பாப்பமுங்க. இதோட மேட்ச் ஆச்சுன்னா நானே வந்து மாலை போடறனுங்க.”

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். “என்ன சார், போட்டுக் கொடுத்துடலாமே?” என்று பாட்டிலை எம்.டி. பக்கம் நகர்த்தினார். அதிகாரிக்கு அது வெறும் பாட்டில். ஒரு கையெழுத்துப் போட்டால் கூட்டம் சுமுகமாக முடியும். ஆலோசகர் பின்னாலிருந்து, “போடுங்க சார், சட்டப்படி ஒண்ணும் கிடையாது” என்று கிசுகிசுத்தார்.

எம்.டி. பேனாவின் மூடியைக் கழற்றினார். பாட்டிலை எடுத்தார். கண்ணாடியைத் தேய்த்தார். தண்ணீரைத் தேய்க்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது போல விரல்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். ஒரே ஒரு ‘ங்க’ போட்டுத்தான் கேட்டார்.

“மேட்ச் ஆகுங்களா?”

இதற்கு நான் வாக்கியம் எதுவும் தயாரித்து வைத்திருக்கவில்லை. களிமண் என்று தொடங்கியிருக்கலாம். உலகத் தரத்தில் என்று தொடங்கியிருக்கலாம். கீழே செல்லமுத்து என்னைப் பார்க்கவே இல்லை. எம்.டி.யின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரியாத பாய்லர் முன்னால் நிற்பது போல இருந்தது. ஓடவில்லை.

“ஆகாதுங்க” என்றேன்.

எம்.டி. பேனாவை மூடினார். சோடா கம்பெனி வாயுவுக்குக் காகிதம் கேட்டவர்தான். அனுப்புகிற சாம்பிளில் ஆயிரம் தில்லுமுல்லு நடக்கட்டும், அது வியாபாரம். ஆனால் மேட்ச் ஆகாது என்று தெரிந்த சாம்பிளில் ஒப்புதல் கையெழுத்துப் போடுவது என்பது அந்த மனிதரின் கைக்குப் பழக்கமே இல்லாத காரியம். எழுந்து நின்று கைகூப்பினார்.

“இந்த சாம்பிளுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க” என்றார் மைக்கில். உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு நின்றுபோனது. கூட்ட நடவடிக்கைகளை முடிவில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதிகாரி படித்தார். “கிணற்று நீரின் தரம் மாறாது என உறுதியளிக்கத் திட்டத் தலைவர் மறுத்துவிட்டார்.” என் வாக்கியத்தைவிடச் சின்ன வாக்கியம். கோப்பில் அது ஒன்றுதான் கடைசிவரை படிக்கப்பட்டது.

காரில் பாதி தூரம் திரும்பியிருந்தோம்.

“மேடையில அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமுங்க” என்றார் எம்.டி.

“உங்க காதுலதானுங்க சொன்னேன். மைக்குல சொன்னது நீங்கங்க.”

விரல்களைத் தேய்த்துக்கொண்டார். “ஆமாங்க” என்றார்.

திட்டம் அதோடு படுத்தது. பதினெட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு காற்றாலை வாங்கிக்கொண்டார்கள். ஆலோசகர் வேறு ஊரில் வேறு பதினெட்டுப் பேரைக் கண்டுபிடித்திருப்பார். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. நிமிர்த்தி வைத்த உருளையை மட்டும் நான் விடவில்லை. சாயக் கழிவுநீரில் காரம் அதிகம், அதைத் தணிக்க நாங்கள் கேன் கேனாக அமிலம் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். புகையைக் கழிவுநீருக்குள் குமிழிவிட்டால் அதிலிருக்கும் கரியமில வாயுவே அந்த வேலையைச் செய்துவிடும். செய்தது. டெல்டா வரை நாங்கள் தேடிய பையர் பாய்லருக்கு நாற்பதடி தள்ளியே இருந்திருக்கிறார். சாம்பிள் கேட்கவில்லை, லாரியும் கேட்கவில்லை. எம்.டி. வந்து பார்த்தார், கழிவுநீரை விரலில் தொட்டுத் தேய்த்தார். “பரவாயில்லீங்க” என்றார். இந்தச் சாதனை பற்றி யாரும் இலை போட்டுப் படம் வரையவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில், கணக்கு ஒப்படைப்பதற்காகச் சாம்பிள் அறைக்குப் போனேன். கையெழுத்தான பனியன்கள் அடுக்கடுக்காக இருந்தன. மூன்றாம் அடுக்கின் ஓரத்தில், அரக்கு வைத்த கண்ணாடிப் பாட்டில். மேடையில் அதிகாரி விட்டுவிட்டுப் போனதை யார் எடுத்து வந்தது என்று கேட்கவில்லை. அந்த அறைச் சாவி எம்.டி.யிடம் மட்டும்தான் இருக்கும். அட்டையில் ஒப்புதல் கட்டம் காலியாகவே இருந்தது.

போன மாதம் வந்தபோது இதையெல்லாம் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. அவருடைய புதுத் திட்டத்துக்கு எங்கே நிலம் பார்த்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பொங்கலூர்ப் பக்கம், மேட்டாங்காடு என்றார். அப்படியானால் அறிக்கை எழுதுவதற்கு முன்னால் சாம்பிள் அறையில் மூன்றாம் அடுக்கைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஃபோன் வந்தது.

“சார், பாட்டிலை எடுத்துட்டேன். கையெழுத்துப் போடாத டேக் ஒண்ணு தொங்குது. செல்லமுத்துன்னு பேர் போட்டிருக்கு.”

“சரி.”

“ஆனா அரக்கு வெடிச்சு, தண்ணி பாதிதான் சார் இருக்கு. மிச்சத்தைக் காணோம்.”

“மிச்சம் கெணத்துல இருக்கும்மா” என்றேன். “அந்தத் தோட்டத்துக்குப் போறப்ப அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.”